பனிக்காலத்தில் நாலு பேராக வீடு தேடுவது எப்படி: வாட்டர்லூ மாணவர்களுக்கு

ஜனவரியில் வீடு பார்க்கக் கிளம்பும்போது பையில் முதலில் போட வேண்டியது ஒரு ஜோடி மாற்று சாக்ஸ். சிரிக்காதீர்கள். கனடாவில் எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றியாக வேண்டும். உங்களுக்கு முன்னால் வீடு பார்த்துவிட்டுப் போன ஆறு பேரின் பூட்ஸில் இருந்து உருகிய பனியும் தெரு உப்பும் அந்த வாசலில் குட்டையாகத் தேங்கியிருக்கும், அதை மிதிக்காமல் உள்ளே போன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. சாக்ஸ் நனைந்துவிட்டால் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றுதான் இருக்கும், எதையும் நின்று பார்க்க மாட்டீர்கள். எங்கள் முதல் இரண்டு வீடுகளை நாங்கள் பார்த்த லட்சணம் அதுதான். ஒரு வீட்டுக்கு எத்தனை பாத்ரூம் என்றே வெளியே வந்த பிறகு நாலு பேருக்கும் தெரியவில்லை.

நான் படிப்பது ஒன்டாரியோ மாகாணத்தில், வாட்டர்லூவில். நடந்தே போகிற தூரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள், வாட்டர்லூவும் வில்ஃப்ரிட் லாரியரும். அவற்றைச் சுற்றி லெஸ்டர், ஃபிலிப், எஸ்ரா, கொலம்பியா என்று மாணவர்களே நிறைந்திருக்கும் தெருக்கள். அடுத்த செப்டம்பரில் குடிபோக வேண்டிய வீட்டுக்கு முந்தின வருடம் இலை உதிரும்போதே ஆட்கள் அலைய ஆரம்பித்துவிடுவார்கள், எங்களைப் போலச் சோம்பேறிகள் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஜனவரியில் கிளம்புவோம். நாங்கள் நாலு பேர். நான் மதுரை. ஒருவன் கோயம்புத்தூர். ஒருவன் டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். இன்னொருவன் லூதியானாவில் இருந்து வந்தவன், எங்களோடு சேர்ந்து தமிழில் நாலைந்து கெட்ட வார்த்தை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டவன்.

பனியில் வீடு தேடுவது கொடுமை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உடம்புக்குக் கொடுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மே மாத வெயிலில் பார்த்தால் இந்த ஊரில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஜன்னல் வழியாகக் காற்று வருமா, ஹீட்டர் வேலை செய்யுமா, வாசல் படியில் பனிக்கட்டி பிடிக்குமா என்பதெல்லாம் மைனஸ் 15-ல் போய் நின்றால்தான் தெரியும். அதனால் வெதர் ஆப்பைப் பார்த்து ரொம்பக் குளிராக இருக்கிற நாளாகவே தேர்ந்தெடுத்துப் போங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அப்புறம் பகலில் போங்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் இருக்கிற பூஞ்சைக் கறை கண்ணுக்கே படாது.

வீட்டுக்கு முன்னால் காசு

நண்பர்களோடு வீடு தேடுவதில் ரொம்பக் கஷ்டமான கேள்வி, "உன்னால் எவ்வளவு கொடுக்க முடியும்?" என்பது. யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். "எனக்கு எதுவும் ஓகே மச்சான்" என்பார்கள். அந்த "எதுவும் ஓகே"யை நம்பி நாங்கள் பத்து நாள் வீணாக்கினோம். ஒருவன் புதுக் கட்டடத்தில் ஜிம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ரசீதைக் கிழித்து நாலு துண்டாக்கினோம். வாடகை, ஹைட்ரோ (கரண்ட் பில்), இன்டர்நெட் எல்லாம் சேர்த்து மாதம் அதிகபட்சம் எவ்வளவு என்று ஆளுக்கு ஒரு எண், பெயர் போடாமல் எழுதி மடித்துப் போட வேண்டும். பிரித்தால் 1,100, 950, 850, 650. பெயர் போடாவிட்டாலும் 650 யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, "ம்ம்" பேர்வழி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். லூதியானாக்காரன்தான். இங்கே படிக்க வந்தவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, அவன் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்து அதில்தான் வாடகை கட்டுகிறான். முதல் நாளே இந்தச் சீட்டைப் போட்டிருந்தால் அவனுக்கும் சங்கடம் இல்லை, எங்களுக்கும் அலைச்சல் இல்லை. அவனையும் சேர்த்துக்கொண்டே எப்படிச் சமாளித்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காசோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று, அடுத்த ஒன்றரை வருடத்தில் யார் எந்த நாலு மாதம் ஊரில் இருப்பார்கள் என்பது. வாட்டர்லூவில் கோ-ஆப் படிப்பு என்றால் நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் வேலை, அந்த வேலை டொரொன்டோவிலும் கிடைக்கலாம், வான்கூவரிலும் கிடைக்கலாம். ஊரில் இல்லாத மாதங்களுக்கும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு, அதாவது சப்லெட், விடலாம், சட்டப்படி ஓனர் காரணமில்லாமல் மறுக்க முடியாது, நீங்கள் கட்டுகிற வாடகையை விட அதிகமாக வாங்கவும் கூடாது. ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரை ஊரே காலியாகிவிடும், பாதி வாடகைக்குக்கூட ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே லீஸ் மே 1-ல் தொடங்குகிறதா, செப்டம்பர் 1-லா என்று பாருங்கள். மாத வாடகை 50 டாலர் குறைவு என்று மே லீஸை எடுத்துவிட்டு, நாலு மாதம் பூட்டிய வீட்டுக்குக் காசு கட்டுவது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

தேடுகிற இடமும் ஏமாறுகிற இடமும்

கிஜிஜி என்கிற விளம்பரத் தளம், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், மாணவர்களின் வாடகைக் குழுக்கள், வளாகத்துக்கு வெளியே இருக்கிற வீடுகளுக்கான பல்கலைக்கழக இணையப் பக்கம், இவைதான் வழக்கமான இடங்கள். இதைத் தவிர, நடங்கள். லெஸ்டர் தெருவில் ஒரு முறை மேலும் கீழும் நடந்தால் வாசலில் குத்தி வைத்த பலகைகளில் இருந்தே நாலைந்து போன் நம்பர் கிடைக்கும். போனை உள் பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளிப் பாக்கெட்டில் வைத்தால் நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி குளிரில் பொசுக்கென்று அணைந்துவிடும்.

ஏமாற்று விளம்பரம் எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும். வீடு பளபளப்பு, வாடகை அநியாயத்துக்குக் குறைவு, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். எங்களுக்கும் ஒன்று வந்தது. கொலம்பியா தெருவில் நாலு படுக்கையறை வீடு, 2,000 டாலர். கோயம்புத்தூர்க்காரன் அனுப்பவே தயாராகிவிட்டான். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சமையலறைச் சுவரில் இருந்த பிளக் பாயின்டில் செவ்வகமாக மூன்று ஓட்டை, பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். இங்கே கனடாவில் பிளக் பாயின்டில் இரண்டு நெட்டுக்குத்தான கீறலும் கீழே ஒரு வட்டமும்தான் இருக்கும், பக்கத்தில் சுவிட்சும் இருக்காது. "மச்சான், உது லண்டன் வீடு" என்றான் ஸ்கார்பரோக்காரன், அவன் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது. ஆகவே வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். இங்கே வங்கிக் கணக்கில் இருந்து பணம் அனுப்புகிற இன்டெராக் ஈ-டிரான்ஸ்ஃபர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்ப வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இன்னும் ஊரில் இருந்து கிளம்பாதவர்கள் இங்கே இருக்கிற ஒரு சீனியரை நேரில் போய் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி உள்ளே போகச் சொல்லுங்கள்.

டொரொன்டோப் பக்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பங்கள் பேஸ்மென்டில் (தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில்) மாணவர்களுக்கு அறை விடுவது சகஜம். "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டு மேலே இருந்து புட்டும் கறியும் வரும், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஓனர் குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு என்றால் ஒன்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. நாளைக்கே காலி பண்ணச் சொன்னாலும் வாடகைத் தீர்ப்பாயத்தில் போய் நிற்க முடியாது. பேஸ்மென்டுக்கென்று தனிச் சமையலறை, தனிக் குளியலறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

உள்ளே போய் நின்றதும்

நாலு பேரும் கும்பலாக ஓனர் பின்னாலேயே போகாதீர்கள். அவர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அதை மட்டும்தான் பார்ப்பீர்கள். மூன்றாவது வீட்டில் இருந்து நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவன் தண்ணீர், ஒருவன் சூடு, ஒருவன் ஓனரிடம் பேச்சுக் கொடுப்பது, ஒருவன் இப்போது குடியிருக்கிறவர்களைத் தனியாகப் பிடிப்பது.

தண்ணீர்க்காரன் வேலை சுலபம். மேல்மாடி ஷவரைத் திறந்து சுடுதண்ணீர் வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ண வேண்டும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே ஃப்ளஷ் பண்ணி வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். காலை எட்டரை வகுப்புக்கு நாலு பேர் குளிக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரியையும் அவனே திறக்கட்டும். குளிர்காலத்தில் எலி வீட்டுக்குள் வந்துவிடும், கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை அங்கேயும் அடுப்புக்குப் பின்னாலும்தான் கிடக்கும்.

சூடு பார்க்கிறவனுக்குத்தான் நேரம் வேண்டும். முதலில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் இருக்கிற வீடுகளில் ஒரே தெர்மோஸ்டாட் மேல்வீட்டில் இருக்கும், அவர்கள் வெளியூர் போகும்போது குறைத்துவிட்டுப் போனால் நீங்கள் ஜாக்கெட்டோடு தூங்க வேண்டியதுதான். சூட்டுக்கான செலவு ஓனருடையது என்றால் மாகாணச் சட்டப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் தெர்மோஸ்டாட்டை வைத்துவிட்டு 17-ல் விட்டிருக்கிற வீட்டில் இந்த ஒரு வரி உங்களுக்கு உதவும்.

அடுத்தது, சூடு எதில் இருந்து வருகிறது என்பது. தரையிலோ கூரையிலோ சல்லடை மாதிரி மூடி இருந்து அதில் காற்று வந்தால் அது ஃபர்னஸ், பெரும்பாலும் கேஸ். சுவரோரமாக நீளமாகத் தகரப் பெட்டி ஓடினால் அது பேஸ்போர்ட் ஹீட்டர், பெரும்பாலும் கரண்டில் ஓடுவது. இரண்டாவது வகை என்றால் "வாடகை குறைவு, ஹைட்ரோ மட்டும் தனி" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். இங்கே கரண்டை ஹைட்ரோ என்றுதான் சொல்வார்கள், புதிதாக வந்தவர்கள் தண்ணீர் பில் என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். நேரத்துக்கு ஒரு விலை என்கிற கட்டணத்தில் இருக்கிற வீட்டில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வார நாட்களில் காலை 7 முதல் 11 வரைக்கும் மாலை 5 முதல் 7 வரைக்கும்தான் யூனிட் விலை அதிகம், அதாவது நீங்கள் நடுங்கிக்கொண்டு எழுந்து ஹீட்டரைத் திருகுகிற அதே நேரம். ஓனர் சொல்கிற சராசரியை விடுங்கள், போன ஜனவரி மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வருடச் சராசரியில் ஜூன் மாதமும் கலந்திருக்கும்.

அப்புறம் ஜன்னல். கையுறையைக் கழற்றிவிட்டு விளிம்பு முழுக்கக் கையை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்திருந்தாலோ, கீழ்க்கட்டை ஊறிப்போய் கறுத்திருந்தாலோ அந்த அறையில் நாலு மாதம் ஈரம்தான். வெளிச் சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட் பக்கத்திலும் கை வையுங்கள், அங்கேயும் காற்று வரும். மெல்லிய டிஷ்யூத் தாளைக் கதவிடுக்கில் பிடித்தால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். கோயம்புத்தூர்க்காரன் ஒரு வீட்டுக்கு இதற்கென்றே ஊதுபத்தி எடுத்துக்கொண்டு வந்தான், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாமாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் அவன் அதைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் ஸ்மோக் அலாரத்துக்கு நேர் கீழே. ஓனர் மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தார். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை, அலாரம் மட்டும் நன்றாக வேலை செய்தது.

பேஸ்மென்ட் அறை என்றால் ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா, அது திறக்கிறதா, வெளியே பனி குவிந்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நின்று ஒரு போன் பேசிப் பாருங்கள், சிக்னல் பாதாளத்துக்கு வருவதில்லை. வாட்டர்லூ நகரத்தில் தனி வீடு, டவுன்ஹவுஸ் மாதிரி வீடுகளை வாடகைக்கு விட நகராட்சி உரிமம் வேண்டும், எத்தனை படுக்கையறை விடலாம் என்பதும் அதில் அடங்கும். ஹாலுக்கு நடுவில் பலகை அடித்து ஐந்தாவது அறை என்று காட்டினால் உரிமத்தைக் கேளுங்கள். ஃபிலிப், லெஸ்டர் பக்கத்து உயரமான கட்டடங்களில் வேறொரு வினோதம், ஜன்னலே இல்லாத படுக்கையறைகள். ஹாலில் இருந்து கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம்தான் வெளிச்சம். நவம்பரில் இருந்து மார்ச் வரை சூரியனைப் பார்க்காமல் படித்துவிடலாம் என்று தைரியம் இருந்தால் எடுங்கள், நான் எடுக்க மாட்டேன்.

ஓனர் கீழே ஃபர்னஸைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, மேலே குடியிருக்கிறவர்களைப் பிடித்தவன் மூன்றே கேள்வி கேட்டால் போதும். ஏன் காலி பண்ணுகிறீர்கள்? ஏதாவது உடைந்தால் எத்தனை நாளில் ஆள் வரும்? பனியை யார் அள்ளுகிறார்கள்? ஒரு வீட்டில் மூன்றாவது கேள்விக்கு அந்தப் பெண் பதிலே சொல்லாமல் கதவோரம் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியைக் காட்டினாள். ஒன்டாரியோவில் வாசல் பனியையும் பனிக்கட்டியையும் அகற்றுவது ஓனர் பொறுப்பு, லீஸில் "குடியிருப்பவரே அள்ள வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டதாலேயே அது உங்கள் தலையில் விழுந்துவிடாது.

வெளியே வந்ததும் காரில் ஏறாமல் வகுப்பு வரைக்கும் நடந்து பாருங்கள். கூகுள் மேப்பில் 14 நிமிடம் என்று காட்டுகிற தூரம் முழங்கால் பனியில் 25 நிமிடம். எல்.ஆர்.டி. என்கிற உள்ளூர் ரயிலின் நிலையம் பக்கத்தில் இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், இளநிலை மாணவர்களுக்குப் பஸ், ரயில் பாஸ் எப்படியும் கல்லூரிக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

காகிதம்

நல்ல வீடு என்றால் அன்றைக்கு மாலையே போய்விடும். எங்களுக்குப் பிடித்த முதல் வீடு போனது எங்களால்தான். மூன்று பேர் விண்ணப்பம் தயார், நாலாவது ஆள், அதாவது நான், லேப் முடித்துவிட்டு ராத்திரி அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன், அதற்குள் வேறு கும்பல் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஒரு வாரம் என்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை இருந்தால் சம்பளச் சீட்டு, ஜாமீன் போடுகிறவர் இருந்தால் அவர் விவரம், எல்லாவற்றையும் நாலு பேரும் வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். சின் நம்பரை (கனடா அரசு தருகிற சமூகக் காப்பீட்டு எண்) கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, அது இல்லாமலேயே கிரெடிட், அதாவது கடன் வரலாறு, பார்க்கலாம்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது நல்ல செய்தி: இங்கே ஓனர் கேட்கக்கூடிய டெபாசிட் ஒரு மாத வாடகைதான், அதுவும் கடைசி மாத வாடகையாகத்தான் கழிய வேண்டும். அதற்கு வருடா வருடம் வட்டியும் தர வேண்டும். சேத டெபாசிட் என்று தனியாக வாங்கக் கூடாது. சாவிக்கு வாங்கலாம், புதுச் சாவி செய்கிற செலவுக்கு மேல் கூடாது, திருப்பியும் தர வேண்டும். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த ஊரில் கிரெடிட் இல்லை என்பதால் வெளிநாட்டு மாணவர்களிடம் ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

லீஸ், மாகாண அரசின் ஒரே மாதிரிப் படிவத்தில்தான் இருக்க வேண்டும், 2018 ஏப்ரல் 30 முதல் அதுதான் விதி. ஓனர் தானே தட்டச்சு செய்த இரண்டு பக்கத்தை நீட்டினால் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் அன்றே "இதையும் போட்டுவிடுங்கள்" என்று N9 அல்லது N11 படிவத்தை நீட்டுகிறவர்கள் மாணவர் வட்டாரத்தில் நிறைய. ஒரு வருடம் கழித்து நீங்களாகவே காலி பண்ணுவதாக எழுதிக் கொடுப்பது அது. பல்கலைக்கழகம் நடத்துகிற, அல்லது பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உள்ள மாணவர் விடுதிகளுக்கு விதிவிலக்கு உண்டு, மற்றபடி லீஸுக்கு நிபந்தனையாக அப்படி வாங்கியது செல்லாது. உண்மையில் ஒரு வருட லீஸ் முடிந்தால் அது தானாகவே மாதாமாதம் என்று தொடரும், புது லீஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. போக நினைத்தால் 60 நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும்.

புதுக் கட்டடத்தின் பளபளப்பில் மயங்குகிறவர்களுக்கு ஒன்று. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலில் குடியேற்றப்பட்ட வீடுகளுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. பழைய வீட்டில் 2025-ல் அதிகபட்சம் 2.5 சதவீதம், 2026-ல் 2.1 சதவீதம்தான் ஏற்றலாம். புதியதில் 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஓனர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒரு வருடம்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் கவலை இல்லை, மூன்று வருடம் என்றால் யோசியுங்கள்.

நண்பர்களுக்கு நடுவில் வெடிக்கிற இடம் வேறு. நாலு பேரும் ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், ஒருவன் பாதியில் கிளம்பிவிட்டாலும் ஓனர் முழு வாடகையையும் மீதி மூன்று பேரிடம் கேட்கலாம், ஒருவரிடம் மட்டும்கூடக் கேட்கலாம். ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு லீஸ் என்கிற கட்டடங்களில் அந்தப் பயம் இல்லை, ஆனால் ஒருவன் போனால் அந்த அறைக்கு யார் வருவார் என்பதை ஓனர்தான் முடிவு செய்வார். எங்களுக்கு ஒரே லீஸ்தான் அமைந்தது. அதனால் எங்களுக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்: யார் எவ்வளவு, போகிறவன் தனக்குப் பதில் ஆள் கொண்டுவரும் வரை அவன் பங்கைக் கட்ட வேண்டும், தெர்மோஸ்டாட் 21. "நமக்குள்ள என்னடா பேப்பர்?" என்று கோயம்புத்தூர்க்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ரூம்மேட்களுக்குள் சண்டை வந்தால் வாடகைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளாது, சின்ன வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே காகிதம் இல்லாமல் என்ன பேசுவது என்று கேட்ட பிறகு போட்டான்.

எந்த அறை யாருக்கு

கடைசியில் கிடைத்தது ஹேஸல் தெருப் பக்கம் ஒரு பழைய வீடு, நாலு அறை, மாதம் 3,200. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 800, லூதியானாக்காரன் அங்கேயே விழுந்துவிடுவான். அறைகளும் சமம் இல்லை. மாடியில் இரண்டு ஜன்னலோடு பெரிய அறை ஒன்று, சுமாரானது ஒன்று, கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒன்று, பேஸ்மென்டில் ஒன்று. ஏலம் விட்டோம். ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று ஆளுக்கு நாலு எண் எழுத வேண்டும், நாலும் கூட்டினால் 3,200 வர வேண்டும். எந்த அறைக்கு யார் அதிகம் எழுதினானோ அறை அவனுக்கு. ஜெயித்த நாலு எண்ணையும் கூட்டினால் 3,200-க்கு மேலே போகும், அந்த உபரியை நாலு பேருக்கும் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசிக் கணக்கு: பெரிய அறை 960-க்குக் கோயம்புத்தூர், சுமார் அறை 850-க்கு நான், குட்டி அறை 720-க்கு ஸ்கார்பரோக்காரன், அவன் எப்படியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான். பேஸ்மென்ட் 670, லூதியானா. அவன் சீட்டில் எழுதிய எண்ணை விட இருபது டாலர் கூடத்தான், ஹைட்ரோவும் இன்டர்நெட்டும் வேறு இருக்கிறது. அவற்றில் அவன் பங்கை நாங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம், பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ராஜ்மா அவன் பொறுப்பு. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவனுக்கு இருட்டறை வசதியாகத்தான் இருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று, அவன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபர்னஸ். இந்தப் பிப்ரவரியில் வீட்டிலேயே சூடான அறை அவனுடையதுதான், நாங்கள் மூன்று பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் எழுந்திருக்கிற சத்தத்துக்காகப் படிக்கட்டில் காத்துக்கொண்டிருக்கிறோம்.